முதல் வரி

நேற்று இரவு பத்தரை மணிக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் அனுப்பியது. லேப்டாப் திரையைச் சாய்வாகப் பிடித்து எடுத்திருந்தான். கறுப்புப் பின்னணியில் கடைசி மூன்று வரிகள் மட்டும் தெரிந்தன. மூன்று நட்சத்திரக் குறி, ஒரு ஃபைல் பெயர், முடிவில் ‘எரர் 1’.

போன் செய்தேன்.

“எரர் ஒண்ணுன்னு வருதுங்ணா. தேடிப் பார்த்தேன், ஒண்ணும் பிடிபடலீங்.”

“அதுக்கு மேல என்ன இருக்குது?”

“மேல நெறைய இருக்குதுங்ணா. ரெண்டு பக்கத்துக்கு ஓடுது.”

“எல்லாத்துக்கும் மேல போ. எரர்னு வர்ற முதல் வரியைப் படி.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. உருட்டிக்கொண்டு போகிறான் என்று தெரிந்தது. பிறகு எழுத்துக்கூட்டுவதுபோல வாசித்தான்: மோட்டார்.எச், நாலாவது வரி, ‘அன்நோன் டைப் நேம்’, யுஇன்ட்8_டி. வாசித்து முடித்த அதே மூச்சில், “ஸ்டிட்இன்ட் ஹெடரைச் சேர்க்க விட்டுட்டேனுங்ணா” என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு வரி சேர்த்தான். நாற்பத்துச் சொச்சம் எரரும் போய்விட்டது.

போனை வைத்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. இருபது வருடமாக இந்தக் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அது எனக்குச் சொல்லிக் கொடுத்ததை எங்கும் எழுதி வைத்ததில்லை. அதற்காக இந்த நோட்டு.

*

‘எரர் 1’ என்பது ஒரு பிழையின் பெயரே கிடையாது. அது மேக் சொல்லும் வார்த்தை.

மேக் ஒரு மேஸ்திரி. தன் கையால் ஒரு செங்கல்கூட வைப்பதில்லை. எந்த ஃபைல் மாறியிருக்கிறது, அதனால் எந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பார்த்து, அந்தந்த ஆளைக் கூப்பிட்டு விடும். கூப்பிட்ட ஆள் வேலை முடித்துப் போகும்போது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போவான். 0 என்றால் வேலை நல்லபடியாக முடிந்தது. வேறு எந்த எண்ணாக இருந்தாலும் முடியவில்லை. “ஆளை அனுப்பினேன், 1 என்று சொல்லிவிட்டுத் திரும்பினான், மேற்கொண்டு நடத்த முடியாது” என்பதுதான் அந்தக் கடைசி வரி. 127 என்று வந்தால், அப்படி ஓர் ஆளே ஊரில் இல்லை என்று அர்த்தம்: கம்பைலர் நிறுவப்படவில்லை, அல்லது அது இருக்கும் இடம் பாத் பட்டியலில் இல்லை.

மேஸ்திரியிடம் போய் சுவர் ஏன் சாய்ந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனாலும் அவர்தான் கடைசியாகப் பேசுகிறார். நம் கண்ணும் கடைசி வரியில்தான் போய் நிற்கிறது.

*

எரர் வந்ததும் எனக்குள் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி: இது யார் குரல்?

பார்வைக்கு ஒரே திரை, ஒரே எழுத்து. பின்னால் ஆறேழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். கட்டளையை வாங்கிக்கொள்ளும் ஷெல். வேலை பிரிக்கும் மேக். ஹெடர்களைக் கொண்டுவந்து கொட்டும் ப்ரீபிராசஸர். சி மொழியை அசெம்ப்ளியாக்கும் கம்பைலர். அதை எந்திர எண்களாக்கும் அசெம்ப்ளர். துண்டு துண்டாக இருக்கும் ஆப்ஜெக்ட் ஃபைல்களைச் சேர்த்துக் கட்டும் லிங்க்கர். கட்டியதைச் சிப்புக்குள் ஏற்றும் ஏவிஆர்டியூட். ஒவ்வொருவருக்கும் பேசும் விதம் வேறு.

‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ ஷெல்லின் குரல். ஃபைல் பெயர், வரி எண், அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்று மூன்றையும் முத்திரைபோல் முன்னால் வைத்துவிட்டுப் பேசுவது கம்பைலர். ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’, ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ இரண்டும் லிங்க்கருடையவை. ‘கலெக்ட்2’ என்று ஒரு பெயர் கடைசியில் வந்தால் அதற்கு மேலே லிங்க்கர் ஏதோ சொல்லியிருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டும்.

குரலைத் தவறாக எடுத்துக்கொண்டால் வேலை எத்தனை வீணாகும் என்பதற்கு ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ ஒன்றே போதும். ஒரு ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று வரும். உடனே அந்த ஃபங்ஷன் எழுதிய ஃபைலைத் திறந்து எழுத்து எழுத்தாகச் சரிபார்க்க ஆரம்பிப்போம். அங்கே ஒரு குற்றமும் இருக்காது. கம்பைலர் அதை ஏற்கனவே வாசித்துத் திருப்திப்பட்டுவிட்டது, அல்லது அந்த ஃபைல் கம்பைலர் கைக்கே போகவில்லை. மேக்ஃபைலின் பட்டியலில் அந்தப் பெயர் விட்டுப்போயிருக்கும். இந்த ஒன்றுக்காக அரை நாள் சி கோடைத் துழாவியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லிங்க்கருக்கு இன்னொரு குணம் உண்டு. லைப்ரரிகளைக் கட்டளையில் கொடுத்த வரிசைப்படி, இடமிருந்து வலமாக வாசிக்கும். ஒரு லைப்ரரியைத் தாண்டும்போது, அதுவரை யாரும் கேட்டிராத பொருளை அதிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளாது. கணித லைப்ரரியை நம் ஃபைல்களுக்கு முன்னால் எழுதிவிட்டால், அந்த நேரத்தில் சைன் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. பிறகு நம் ஃபைல் வந்து சைன் வேண்டும் என்று கேட்கும்போது கடை பின்னால் போயிருக்கும். எல்லாம் இருந்தும் கிடைக்காது. அதே சொற்களை இடம் மாற்றி எழுதினால் கிடைக்கும்.

*

தொல்காப்பியத்தின் மரபியல், வழிநூல் செய்யும் முறைகளாக நான்கைச் சொல்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. ப்ரீபிராசஸர் செய்வது விரித்தல். ஒற்றை வரி இன்க்ளூட் பல நூறு வரிகளாக விரிகிறது. கம்பைலர் செய்வது மொழிபெயர்ப்பு. லிங்க்கர் செய்வது தொகுத்தல்.

கம்பைலருக்குத் தமிழில் ‘தொகுப்பி’ என்று ஒரு பெயர் வழங்குகிறது. நெடுநாள் அந்தப் பெயர் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. மொழிபெயர்க்கிறவரைத் தொகுக்கிறவர் என்று ஏன் சொல்ல வேண்டும்? பிறகுதான் கிரேஸ் ஹாப்பர் பற்றிப் படித்தேன். 1952ல் யூனிவாக் எந்திரத்துக்காக ஏ-0 என்ற ஒன்றை அவர் செய்தார். நாடாவில் எழுதிவைத்த சின்னச் சின்ன வேலைத்துண்டுகளுக்கு எண் கொடுத்து, எந்த எண்களைக் கேட்கிறோமோ அவற்றை எடுத்து ஒன்றாகக் கோத்துக் கொடுக்கும். அந்தக் கோப்பதைத்தான் அவர் கம்பைல் என்றார். இன்றைக்கு லிங்க்கர் செய்கிற வேலைக்கு அது நெருக்கமானது. ஆக, தொகுப்பி என்ற பெயர் சரியாகத்தான் வந்திருக்கிறது. சொல் நின்ற இடத்திலேயே நிற்கிறது, வேலை நகர்ந்துவிட்டது.

*

நான் அதிகம் புழங்குவது ஏவிஆர் சிப்பில். நார்வேயின் ட்ரோண்ட்ஹைமில் மாணவர்களாக இருந்த ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வோலன் இருவரின் யோசனையில் பிறந்தது. அட்மெல் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. 2016ல் மைக்ரோசிப் நிறுவனம் அட்மெலை வாங்கிக்கொண்டது. இந்தச் சிப்பில் என்னைத் தொட்ட விஷயம் ஒன்று: வடிவம் முடிவாகும் முன்பே அதை ஸ்வீடனில் சி கம்பைலர் எழுதுகிறவர்களிடம் காட்டி, அவர்கள் சொன்னபடி கட்டளைகளில் மாற்றம் செய்தார்கள். சமையலறையைக் கட்டும் முன் சமைக்கிறவரைக் கேட்டதுபோல.

ஏவிஆர் வரிசையில் ஏடிமெகா328பி என்ற சிப்பின் நினைவகம்: ஃபிளாஷ் 32 கிலோபைட், எஸ்ரேம் 2 கிலோபைட். அதாவது ஓடும்போது எழுதி அழிக்க மொத்தமே 2048 பைட். தமிழில் ஒரு எழுத்துக்கு யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட், உயிர்மெய்யில் பெரும்பாலானவற்றுக்கு ஆறு. இந்த நோட்டில் இதுவரை எழுதியது அதற்குள் அடங்காது.

இந்தச் சிப்புக்கான கருவிகளை உபுண்டுவிலோ டெபியனிலோ நிறுவும்போது கம்பைலர் தனிப் பொட்டலம், பின்யுடில்ஸ் தனி, ஏவிஆர்-லிப்சி தனி, ஏவிஆர்டியூட் தனி. கம்பைலரை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ஏவிஆர்/ஐஓ.எச் என்ற ஹெடர் இல்லை என்று ப்ரீபிராசஸர் நின்றுவிடும். சட்டி இருக்கிறது, அரிசி வாங்கவில்லை.

ஐஓ.எச் ஹெடரை ஒரு முறை திறந்து பார்க்கும்படி எல்லாரிடமும் சொல்கிறேன். அதற்குள் சரக்கு எதுவும் இருக்காது. ‘இந்தச் சிப்பா? அந்த அறைக்குப் போ. அந்தச் சிப்பா? இந்த அறைக்குப் போ’ என்று நீளமாகக் கேட்டுக்கொண்டே போகும். எந்தச் சிப் என்று எம்எம்சியு என்ற விசையில் நாம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் கடைசி வரை கேட்டுப் பார்த்துவிட்டு, ‘டிவைஸ் டைப் நாட் டிஃபைன்ட்’ என்று ஒரு வார்னிங் மட்டும் கொடுக்கும். அதற்கப்புறம் போர்ட்பி தெரியாது, டிடிஆர்பி தெரியாது என்று எரர் எரராக வரும். கண் எரர்களில் போய் விழும். காரணம் அவற்றுக்கு மேலே, வார்னிங் என்ற சாதாரண உடையில் நிற்கும்.

*

வார்னிங் பற்றி ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதை விரிவாகவே எழுதுகிறேன்.

கிணற்று மோட்டாருக்கு ஒரு டைமர் போர்டு செய்துகொண்டிருந்தோம். போட்டால் இருபது நிமிடம் ஓடி, தானாக நிற்க வேண்டும். டைமர்1 நொடிக்கு ஒரு முறை இன்டரப்ட் கொடுக்கும். அந்த இன்டரப்ட்டில் எண்ணிக்கை ஒன்று கூடும். 1200 ஆனதும் ரிலே விடும். சின்ன வேலை. கம்பைல் ஆயிற்று, ஹெக்ஸ் ஃபைல் வந்தது, ஏற்றினேன்.

ரிலே டக் என்று பிடித்தது. ஒரு நொடி. டக் என்று விட்டுப் பிடித்தது. இன்னொரு நொடி. மறுபடி டக். நொடிமுள் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது.

போர்டு ஒவ்வொரு நொடியும் ரீசெட் ஆகிறது என்பது புரிந்தது. ரிலே அடிக்கும்போது ரீசெட் ஆனால் யாராக இருந்தாலும் பவரைத்தான் சந்தேகப்படுவார்கள். ரிலே காயில் பிடிக்கும்போது வோல்டேஜ் சரிகிறதோ என்று கப்பாசிட்டரைப் பெரிதாக்கினேன். காயிலுக்குக் குறுக்கே இருந்த டயோடை மாற்றினேன். சப்ளையையே மாற்றிப் பார்த்தேன். ஈயப்புகையில் இரண்டு இரவு போயிற்று. நடுநடுவே மெயின் ஃபைலில் அங்கே இங்கே திருத்தி மேக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் சுத்தமாக, ஒரு வார்த்தை இல்லாமல் கம்பைல் ஆயிற்று. அந்தச் சுத்தத்தை நம்பினேன்.

மூன்றாம் நாள் வேறு ஏதோ காரணத்துக்காக மேக் க்ளீன் கொடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்தேன். வரிகள் ஓடும்போது நடுவில் ஒன்று கண்ணில் தட்டியது. டைமர் ஃபைல், வார்னிங்: ‘அப்பியர்ஸ் டு பி எ மிஸ்ஸ்பெல்ட் சிக்னல் ஹேண்ட்லர்.’ எழுத்துப் பிழையுள்ள இன்டரப்ட் பெயர்போல் தெரிகிறது என்கிறது.

டைமர்1_காம்ப்ஏ_வெக்ட் என்பதுதான் அதன் பெயர். நான் கடைசிச் சொல்லை முழுதாக, வெக்டர் என்று எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து அதிகம். அதனால் நான் எழுதிய ஃபங்ஷன் யாரும் கூப்பிடாத ஒரு சாதாரண ஃபங்ஷன் ஆகிவிட்டது. இன்டரப்ட் வந்தபோது வீட்டில் ஆளில்லை. ஆளில்லாத இன்டரப்ட்டை என்ன செய்வது என்று ஏவிஆர்-லிப்சி ஏற்கனவே முடிவு செய்து வைத்திருக்கிறது: நேராக ரீசெட் முகவரிக்குத் தாவிவிடும். நொடிக்கு ஒரு இன்டரப்ட், நொடிக்கு ஒரு ரீசெட், நொடிக்கு ஒரு டக். பவர் சப்ளையில் ஒரு குறையும் இல்லை.

கம்பைலர் முதல் நாளே சொல்லியிருக்கிறது. முதல் முறை கம்பைல் ஆனபோது இருபது வரிகளுக்கு நடுவே அது ஓடியிருக்கும். அதன்பின் டைமர் ஃபைலை நான் தொடவில்லை. தொடாத ஃபைலை மேக் திரும்பக் கம்பைல் செய்யாது. ஆப்ஜெக்ட் ஃபைல் சி ஃபைலைவிடப் புதியதாக இருக்கிறதே என்று தாண்டிப் போய்விடும். கம்பைல் செய்தால்தானே வார்னிங் வரும்? ஆக, ஒரு வார்னிங் ஒரு முறைதான் சொல்லப்படுகிறது. இரண்டாம் முறை திரை சுத்தமாக இருப்பதற்குக் காரணம், பிழை போய்விட்டது என்பதில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த மூன்று நாளுக்குப் பிறகு என் எல்லா மேக்ஃபைலிலும் இரண்டு விசைகள் சேர்ந்தன. ஒன்று, வால்: பொதுவான வார்னிங்குகளை எல்லாம் கேட்கும் விசை. இன்னொன்று, வெரர்: எந்த வார்னிங்கையும் எரராக எடுத்துக்கொண்டு வேலையை நிறுத்தும் விசை. இது கடுமை என்று சொல்கிறவர்கள் உண்டு. பிறர் எழுதிய லைப்ரரியைச் சேர்த்தால் அதன் வார்னிங்குகளுக்கும் சேர்த்து நிற்க வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான். அந்த லைப்ரரியைத் தனியாகக் கம்பைல் செய்துகொள்ளலாம். நம் கையால் எழுதிய ஃபைலுக்கு வெரர் இருக்கத்தான் வேண்டும்.

இன்னொரு பழக்கமும் வந்தது. ஆளில்லாத இன்டரப்ட்டுகளைப் பிடிக்க பேட்ஐஎஸ்ஆர்_வெக்ட் என்று ஒரு பெயர் இருக்கிறது. அதில் ரிலேயை விட்டுவிட்டு, சிவப்பு எல்இடியை எரியவிட்டு, அங்கேயே நிற்கும்படி நான்கு வரி எழுதி வைக்கிறேன். அதன்பிறகு எந்த போர்டும் என்னிடம் அப்படி மௌனமாக ரீசெட் ஆனதில்லை.

*

அறுபதை ஆயிரத்தால் பெருக்கினால் அறுபதாயிரம். ஏவிஆரில் மைனஸ் 5536.

இந்தச் சிப்பின் சி கம்பைலரில் இன்ட் என்பது 16 பிட். 32767க்கு மேல் அதில் இடமில்லை. அறுபதாயிரத்திலிருந்து 65536 கழிந்து, மீதி நிற்கிறது. கம்பைலர் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, விடை மைனஸ் 5536 என்று வார்னிங்கிலேயே எழுதிக் காட்டும். எண்ணுக்குப் பின்னால் யுஎல் என்று இரண்டு எழுத்து போட்டால் தீர்ந்தது. ஆனால் அது எழுதிக் காட்டுகிற எண்ணை நின்று வாசிக்க வேண்டும்.

எஃப்_சிபியு கதையும் அதேதான். சிப் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லாமல் டிலே ஹெடரைச் சேர்த்தால், ‘எஃப்_சிபியு நாட் டிஃபைன்ட்’ என்று ஒரு வார்னிங் சொல்லிவிட்டு 1 மெகாஹெர்ட்ஸ் என்று தானாக வைத்துக்கொள்ளும். போர்டில் இருப்பதோ 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். ஒரு நொடி என்று எழுதியது 62.5 மில்லிநொடியில் முடிந்துவிடும். எல்இடி படபடவென்று துடிப்பதைப் பார்த்து கிரிஸ்டலை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். பதினாறு மடங்கு என்று கண்டால், அந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது என்று முதலில் யோசிக்கலாம்.

*

கண்ணுக்குத் தெரியாத எரர் ஒன்று.

வேர்டு ஃபைலில் இருந்தோ மெசேஜில் இருந்தோ கோடை எடுத்து ஒட்டினால் நேரான மேற்கோள் குறி சில நேரம் வளைந்த குறியாக மாறி வந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வளைந்தது அழகாகக்கூட இருக்கும். பழைய கம்ப்யூட்டரில் இருக்கிற ஜிசிசி கம்பைலர், ‘ஸ்ட்ரே 342, ஸ்ட்ரே 200, ஸ்ட்ரே 234’ என்று ஒரே இடத்துக்கு மூன்று எரர் தரும். எட்டடிமான எண்ணில் எழுதிய மூன்று பைட்டுகள் அவை. ஒரே ஒரு வளைந்த குறி. 340 என்று ஆரம்பித்தால் அந்த இடத்தில் தமிழ் எழுத்து ஒன்று விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். கீபோர்டைத் தமிழிலிருந்து மாற்ற மறந்த தருணம். 302, 240 என்று வந்தால் வெறும் இடைவெளிபோலத் தோன்றும் ஆனால் இடைவெளி இல்லாத ஒரு எழுத்து. வரியை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் தெரியாது. அழித்துவிட்டு கையால் திரும்ப அடிப்பதுதான் வழி.

மேக்ஃபைலில் இதற்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார். கட்டளை வரியின் முதல் எழுத்து டேப் ஆக இருக்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் வைத்தால் பார்வைக்கு ஒன்றுதான். மேக் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று நின்றுவிடும். 1976ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதியபோது வைத்த விதி இது. மாற்றலாம் என்று தோன்றியபோது ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஐம்பது வருடமாக அந்த டேப் அப்படியே இருக்கிறது.

*

எனக்கு இந்தத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் 2009ல் எழுதிய கோடு ஒன்று இன்றும் எங்களிடம் ஓடுகிறது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஒரு எழுத்துகூட மாற்றாமல் வருடக்கணக்காகக் கம்பைல் ஆகிவந்த கோடு. புதிய கம்ப்யூட்டர், புதிய ஜிசிசி போட்டதும் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று லிங்க்கர் பதினோரு இடத்தில் நின்றது.

ஒரு மாறியை ஹெடரிலேயே எழுதி, அந்த ஹெடரை நாலைந்து சி ஃபைலில் சேர்த்திருந்தார். அப்படியானால் ஒவ்வொரு சி ஃபைலிலும் அந்த மாறி பிறக்கிறது. முன்பு ஜிசிசி இவற்றைப் பொதுவான ஓர் இடத்தில் போட்டு வைக்கும். லிங்க்கர் ஒரே பெயரா, சரி, ஒன்றாக்கிவிடுகிறேன் என்று சேர்த்துக்கொள்ளும். 2020ல் வந்த ஜிசிசி 10 முதல் அந்தச் சலுகை இயல்பாகக் கிடைப்பதில்லை. பழையபடி வேண்டுமென்றால் எஃப்காமன் என்று ஒரு விசையைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

விசையைப் போட்டு அரை நிமிடத்தில் முடித்திருக்கலாம். போடவில்லை. ஹெடரில் எல்லா மாறிக்கும் முன்னால் எக்ஸ்டெர்ன் சேர்த்தேன். ஒவ்வொன்றையும் எந்த ஃபைலுக்குச் சொந்தமோ அந்த ஃபைலில் ஒரு முறை எழுதினேன். ஒரு முழு மதியம் ஆயிற்று. அந்த மதியத்தில்தான் அவர் கோடை உண்மையில் வாசித்தேன். எந்த மாறி யாருடையது, யார் மாற்றுகிறார்கள், யார் பார்க்க மட்டும் செய்கிறார்கள் என்று அவர் மனதில் இருந்த பிரிவு எனக்குத் தெரிந்தது. அது கோடில் எழுதப்படாமல் இருந்தது. இப்போது எழுதியாயிற்று. மறுநாள் அவருக்குப் போன் செய்து சொன்னேன். “அப்ப ஓடுச்சே” என்றார். பிறகு, “நீ பண்ணதுதான் சரி” என்றார்.

*

சிப்பும் பேசும். மூன்றே மூன்று பைட். ஏவிஆர்டியூட் கேட்டதும் அது தன் கையொப்பத்தைச் சொல்லும்: ஏடிமெகா328பி என்றால் 1ஈ 95 0எஃப். முதல் பைட் அட்மெல்லின் அடையாளம், இரண்டாவது 32 கிலோபைட் ஃபிளாஷ் என்று சொல்வது, மூன்றாவது எந்த மாடல் என்பது. பி இல்லாத ஏடிமெகா328 என்றால் 1ஈ 95 14. இரண்டும் கால் எண்ணிக்கையில் ஒன்று, பார்வைக்கு ஒன்று, கடையில் சில நேரம் ஒரே டப்பாவில் கிடைக்கும். பி கேட்டு இன்னொன்று வந்திருந்தால் ஏவிஆர்டியூட், ‘நான் எதிர்பார்த்தது வேறு’ என்று நின்றுவிடும்.

பெரிய எஃப் என்று ஒரு விசை இருக்கிறது. பரவாயில்லை, ஏற்று என்று சொல்வது. அதைப் போடுவதை எங்கள் பட்டறையில் அனுமதிப்பதில்லை. ஒருவர் தன் பெயரைத் தெளிவாகச் சொன்ன பிறகு வேறு பெயரால் கூப்பிடுவது அது. கையில் இருப்பது எந்தச் சிப் என்று மேலே அச்சடித்த எழுத்தை லென்ஸ் வைத்துப் பார்த்து, மேக்ஃபைலில் அந்தப் பெயரை மாற்றி, முதலிலிருந்து கம்பைல் செய்து ஏற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை.

*

விடிந்துவிட்டது. பையன் காலையில் வந்ததும் இந்த நோட்டைக் கொடுப்பதாக இருக்கிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உதவி கேட்டு யாருக்காவது எரர் அனுப்பும்போது திரையைப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். மேக் க்ளீன் கொடுத்து முதலிலிருந்து கம்பைல் செய்யுங்கள். வருவதை முழுவதுமாக ஒரு ஃபைலில் திருப்பி விடுங்கள். அனுப்புவதற்கு முன் அந்த ஃபைலைத் திறந்து, எரர் அல்லது வார்னிங் என்று வரும் முதல் வரியை ஒரு முறை வாய்விட்டு வாசியுங்கள். அப்புறமும் தேவைப்பட்டால் அனுப்புங்கள். எத்தனை மணியானாலும் பார்க்கிறேன்.